அழைப்பு உண்டு, ஆள் துணை இல்லை: டேவிட் பிரெய்னார்ட்டின் தனிமை, ஒரு நிகழ்வு ஆய்வு

ஊழியத்தில் இருக்கும் ஒருவர் வாய்விட்டு "எனக்கு ரொம்பத் தனிமையாக இருக்கிறது" என்று சொன்னால், அவருக்குக் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: ஆண்டவர் கூடவே இருக்கிறாரே, இன்னும் அதிகமாக ஜெபியுங்கள். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் கேட்டவர் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மறுபடி சொன்னால் தன் ஜெப வாழ்க்கையே சரியில்லை என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குப் படுகிறது. இந்தப் பதில் எங்கே தவறுகிறது என்று பார்ப்பதற்கு, 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பழங்குடி மக்களிடம் மிஷனரியாகப் போன டேவிட் பிரெய்னார்ட்டைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. ஜெபம் குறைந்ததால்தான் தனிமை வந்தது என்று இவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. நாள் முழுக்க உபவாசமிருந்து காட்டுக்குள் போய் ஜெபித்தவர். அவரேதான் மனம் திறந்து பேச ஒரு ஆள்கூட இல்லையே என்றும் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

போவதற்கு முன்பே இருந்த காயங்கள்

1718 ஏப்ரல் 20-ல் கனெக்டிகட்டில் உள்ள ஹேடம் என்ற ஊரில் பிறந்தார். ஒன்பது வயதில் அப்பா இறந்தார், பதினான்கு வயதில் அம்மாவும் போய்விட்டார். 21 வயதில், 1739 ஜூலையில், இரட்சிப்பின் அனுபவம் கிடைத்தது. அதே வருடம் யேல் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த வருடமே இருமலில் இரத்தம் வந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். பின்னால் அவர் உயிரை எடுத்த காசநோய் அப்போதே உள்ளே இருந்திருக்கிறது.

1742 தொடக்கத்தில் கல்லூரியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒரு ஆசிரியரைப் பற்றி, இந்த நாற்காலிக்கு இருக்கிற கிருபைகூட அவரிடம் இல்லை என்று நண்பர்களுக்குள் சொன்னது வெளியே கசிந்து நிர்வாகத்தின் காதுக்குப் போய்விட்டது. 1743 செப்டம்பரில், தன்னோடு படித்தவர்கள் பட்டம் வாங்கும் சமயத்தில், எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டார். பட்டம் கொடுக்கவில்லை. ஹார்வர்ட், யேல் அல்லது ஐரோப்பாவின் புராட்டஸ்டன்ட் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம் இல்லாதவர் கனெக்டிகட்டில் போதகராக அமர முடியாதபடி அன்றைக்குச் சட்டம் வேறு இருந்தது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் பணித்தளத்துக்குப் போன பிறகு சோர்ந்துபோனால், பணித்தளத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடுகிறோம். பிரெய்னார்ட் காட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே பெற்றோரை இழந்தவர், வகுப்புத் தோழர்களிடமிருந்து பிரிக்கப்பட்டவர், உடம்பு சரியில்லாதவர், அவமானப்பட்டவர். இதெல்லாம் போதாதென்று, சுபாவத்திலேயே மனச்சோர்வுக்கு இடம் கொடுக்கிறவர். கடைசிப் பகுதியைச் சொன்னது நான் இல்லை, அவரை அருகிலிருந்து பார்த்த ஜோனத்தான் எட்வர்ட்ஸ். அவருடைய நாட்குறிப்பை 1749-ல் வெளியிட்டபோது எட்வர்ட்ஸ் இதை மழுப்பாமல் எழுதினார்: இவருடைய இருளில் ஒரு பகுதி ஆவிக்குரிய குறை அல்ல, ஒரு நோய். 18-ஆம் நூற்றாண்டில் ஒரு போதகர் இப்படிப் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கானாமீக், 1743

1742 நவம்பரில், ஸ்காட்லாந்தில் இருந்த ஒரு மிஷனரி சங்கத்தின் அமெரிக்கப் பொறுப்பாளர்கள் அவரைப் பழங்குடி மக்களுக்கு மிஷனரியாக நியமித்தார்கள். அந்த மக்களுக்கான பாரம் அவரிடம் உண்மையாகவே இருந்தது. 1743 ஏப்ரல் 1-ம் தேதி கானாமீக் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஆல்பனியிலிருந்து சுமார் 18 மைல். மறுபக்கம் சுமார் 20 மைலில் ஸ்டாக்பிரிட்ஜ், அங்கே ஜான் சார்ஜென்ட் என்ற மூத்த மிஷனரி இருந்தார். பிரெய்னார்ட்டுக்கு அப்போது வயது 24, கூடப் போன உடன் ஊழியர் யாரும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் தம்பி ஜானுக்கு எழுதிய கடிதத்தில் நிலைமையை ஒளிக்காமல் சொல்கிறார். ஒரு ஏழை ஸ்காட்லாந்துக்காரர் வீட்டில் தங்கல். அந்த வீட்டம்மாவுக்கு ஆங்கிலம் அநேகமாக வராது. மரக்கட்டைகளால் கட்டிய அறை, தரை போடவில்லை, பலகைமேல் கொஞ்சம் வைக்கோல், அதுதான் படுக்கை. சாப்பாடு மாவுக் கூழ், வேகவைத்த சோளம், சாம்பலில் சுட்ட ரொட்டி. தான் தேடிவந்த மக்கள் இருக்கும் இடம் அங்கிருந்து ஒன்றரை மைல், மோசமான பாதை, அநேகமாகத் தினமும் நடந்து போய்த் திரும்ப வேண்டும்.

மே 18-ம் தேதிக் குறிப்பு இன்னும் நேரடியானது. தன்னோடு ஆங்கிலத்தில் பேச ஒரே ஒரு ஆள்தான் உண்டு, மற்றபடி காதில் விழுவதெல்லாம் ஸ்காட்லாந்து மலைநாட்டு மொழி அல்லது பழங்குடி மொழி என்கிறார். பாரத்தை இறக்கிவைக்க, தேவ காரியங்களைப் பேச, சேர்ந்து ஜெபிக்க ஒரு சக கிறிஸ்தவன்கூட இல்லை என்கிறார். தேவன் தூரமாக இருக்கிறார் என்று அவர் இந்த இடத்தில் சொல்லவில்லை. தேவனிடத்தில் கிடைக்கிற ஆறுதலைத் தவிர வேறு ஆறுதல் இல்லை என்றே எழுதுகிறார். ஆக, ஆண்டவர் கூட இருப்பதும் தனிமையாக இருப்பதும் ஒரே நாளில் ஒரே மனிதனுக்குள் இருந்திருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை வாயடைக்க அவர் முயலவில்லை.

அந்த "ஒரே ஒரு ஆள்" யார்? எட்வர்ட்ஸ் அடிக்குறிப்பில் சொல்கிறார்: அவர் பிரெய்னார்ட்டின் மொழிபெயர்ப்பாளர், ஸ்டாக்பிரிட்ஜைச் சேர்ந்த பழங்குடி இளைஞர். சார்ஜென்ட்டிடம் கிறிஸ்தவப் போதனை பெற்றவர், இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தவர், அழகாக எழுதக்கூடியவர். இதைப் படித்துவிட்டு மே 18 குறிப்புக்குத் திரும்பினால் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. தினமும் பக்கத்திலேயே நிற்கும் இந்த இளைஞரை ஏன் அவர் தன் பாரத்தை இறக்கிவைக்கக்கூடிய சகோதரனாக எண்ணவில்லை? வயதா, அனுபவமா, தான் போதிக்க வந்தவன் என்ற எண்ணமா, நாட்குறிப்பு காரணம் சொல்வதில்லை. ஆனால் கூட்டாளி என்றால் தன் மொழி பேசி, தன் மாதிரியே படித்து, தன் ஊரிலிருந்து வருகிறவர் என்று அவர் மனதில் ஒரு உருவம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஊழியத்தில் தனிமைப்படுகிற பலரிடமும் அந்த உருவம் இருக்கிறது.

அதே வருடம் ஜூலைக் கடைசியில் தனக்கென்று கட்டிய சின்னக் குடிசைக்குக் குடிபோனார். முன்னே இருந்த இடத்தில் மற்றவர்களோடு இருந்ததைவிடத் தனியே நேரம் கழிப்பது எவ்வளவோ நன்றாக இருக்கிறது என்று அன்றைக்கு எழுதினார். சக கிறிஸ்தவன் இல்லையே என்று ஏங்கிய அதே மனிதர் இவர். பேசவும் முடியாமல் ஒதுங்கவும் இடமில்லாமல் கூட்டத்துக்குள் இருந்தது அவரை அதிகமாக வாட்டியது. கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க ஒரு இடம் கிடைத்ததும் பாதிப் பாரம் இறங்கியது. தனித்திருப்பது வேறு, துணையில்லாமல் இருப்பது வேறு. "இன்னும் நாலு பேரோடு பழகுங்கள்" என்று எல்லாருக்கும் ஒரே மருந்து கொடுப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

அவர் தேடிய துணை

அந்தப் பனிக்காலத்தில் சார்ஜென்ட்டிடம் மொழி கற்றுக்கொள்ள ஸ்டாக்பிரிட்ஜுக்குக் குதிரையில் போய்வந்துகொண்டிருந்தார். 1744-ல் கானாமீக் மக்களில் பலர் ஸ்டாக்பிரிட்ஜுக்கே போய்ச் சார்ஜென்ட்டோடு சேர்ந்துகொள்ள, இவர் பென்சில்வேனியாவில் டெலவேர் ஆற்றுப் பக்கம் போனார். அதற்கு இடையில் லாங் ஐலண்டில் ஈஸ்ட் ஹாம்ப்டன் சபை இவரைப் போதகராக அழைத்தது. அந்தத் தீவிலேயே வசதியான, அழகான ஊர் என்று எட்வர்ட்ஸ் வெளியிட்ட நூலில் இருக்கிறது. பிறந்த ஊருக்குப் பக்கத்திலிருந்தும் ஒரு அழைப்பு வந்தது. இரண்டையும் மறுத்தார். தனிமைக்கு ஒரே தீர்வு ஊழியத்தை விட்டு வருவதுதான் என்றால் அந்தத் தீர்வு 1744-லேயே அவர் கையில் இருந்தது. அதை வேண்டாம் என்று சொன்னவர், துணை வேண்டாம் என்று சொல்லவில்லை.

1745 மார்ச்சில் நடந்தது, பிரெய்னார்ட்டைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் அநேகமாகத் தொடாமல் போகிற பகுதி. அவர் பணித்தளத்தை விட்டுப் புறப்பட்டு நியூ இங்கிலாந்துவரை குதிரையில் போனார். எதற்கு? தன்னோடு வனாந்தரத்தில் வேலைசெய்ய ஒரு உடன் ஊழியரைத் தாங்குவதற்குப் பணம் திரட்ட. இரண்டு வருடம் தனியே இருந்துவிட்டார், கிறிஸ்து தம் சீஷர்களை இரண்டு இரண்டு பேராக அனுப்பினாரே, அதுபோலத் தானும் இன்னொருவரோடு இருக்க விரும்பினார் என்று எட்வர்ட்ஸ் காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறார். ஏப்ரல் நடுவில் திரும்பி வந்தார். அப்படி ஒரு உடன் ஊழியர் அவரோடு போய்த் தங்கவே இல்லை.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. ஒரு நோயாளி, இருபத்தாறு வயது, தனக்கு என்ன வேண்டும் என்று சரியாகக் கண்டுபிடித்து, அதற்கு வேத ஆதாரமும் காட்டி, பணமும் தானே திரட்டக் கிளம்பினார். அவரைத் தனியாக அனுப்பியது ஆண்டவர் அல்ல, ஒரு ஏற்பாடு. மாற்கு 6:7-ல் இயேசு பன்னிருவரை இரண்டு இரண்டு பேராகத்தான் அனுப்புகிறார். லூக்கா 10:1-ல் எழுபது பேரையும் அதே மாதிரிதான். ஆள் போதாத காலத்திலும், அறுப்பு மிகுதி என்று சொல்லிய அதே அதிகாரத்திலும், அவர் எழுபது ஊருக்கு எழுபது பேர் என்று பிரிக்கவில்லை. முப்பத்தைந்து ஜோடிகளாக அனுப்பினார். செலவைக் கணக்குப் பார்த்து ஒருவரைத் தனியே அனுப்பிவிட்டு, அவர் சோர்ந்தபின் அதற்கு "சிலுவை" என்று பெயர் வைப்பது நேர்மையில்லை.

துணை வந்த வழி

1745 ஜூனில் நியூ ஜெர்சியில் கிராஸ்வீக்சங் என்ற இடத்துக்குப் போனார். முதலில் கிடைத்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெண்களும் பிள்ளைகளும்தான். ஆனால் அந்தப் பெண்கள் பத்துப் பதினைந்து மைல் நடந்து போய்த் தங்கள் உறவுக்காரர்களுக்குச் செய்தி சொன்னார்கள், ஆட்கள் வரத் தொடங்கினார்கள், ஆகஸ்டில் ஒரு பெரிய அசைவே உண்டானது. எழுப்புதல் வரலாறாக இதைப் பலர் சொல்லிவிட்டார்கள். நான் பார்க்க விரும்புவது வேறு.

மோசஸ் டட்டாமி என்ற அவருடைய அடுத்த மொழிபெயர்ப்பாளர், ஐம்பது வயதை ஒட்டிய லெனப்பே பழங்குடி மனிதர், ஜூலை 21-ம் தேதி மனைவியோடு ஞானஸ்நானம் பெற்றார். அதற்குமுன் வார்த்தையை மட்டும் மொழிபெயர்த்தவர், அப்புறம் உள்ளத்தோடு பேச ஆரம்பித்தார். பிரெய்னார்ட் பிரசங்கத்தை முடித்து வீட்டுக்குப் புறப்பட்ட பிறகும் டட்டாமி பின்தங்கி நின்று சொன்னதையே மறுபடி மக்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பாராம். மார்ச்சில் குதிரையேறி எங்கெங்கோ தேடிப்போன உடன் ஊழியர் தன் பக்கத்திலேயே, தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவராக, தான் யாருக்குப் போதிக்க வந்தாரோ அந்த மக்களில் ஒருவராக நின்றார்.

ஆகஸ்ட் 26 இரவை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முந்தின நாள்தான் 25 பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். இப்போது சஸ்குவஹானா ஆற்றுப் பக்கம் ஒரு கடினமான பயணம் போக வேண்டும். மக்களிடம் அதைச் சொல்லி, மீதி நேரத்தை எனக்காக ஜெபிப்பீர்களா என்று கேட்டார். சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை. வழக்கமாகப் படுக்கும் நேரத்தைத் தாண்டிவிட்டது என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து பார்த்தால் விடிவெள்ளி நன்றாக மேலே ஏறி நிற்கிறது. சேர்ந்து ஜெபிக்க ஒருவர்கூட இல்லை என்று எழுதிய மே 18-லிருந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகியிருந்தது.

இது எப்படி நடந்தது என்று பார்த்தால், அவர் கேட்டார் என்பதை விட்டுவிட முடியாது. போதகர் தன் பயத்தையும் தேவையையும் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களிடம் சொன்னார். ரோமர் 1:12-ல் பவுல் பேசுவதும் இதையேதான்: உங்களைப் பலப்படுத்த வருகிறேன் என்று சொன்ன கையோடு, உங்களால் நானும் ஆறுதலடையும்படி என்று சேர்க்கிறார். கொடுக்கிறவனாக மட்டுமே இருப்பேன், வாங்கமாட்டேன் என்று இருக்கும் ஊழியருக்கு எத்தனை பேர் சுற்றி இருந்தாலும் தனிமை போகாது. அனுப்பப்பட்ட இடத்து மக்களிடமிருந்து பெற்றுக்கொள்ளத் தொடங்கின இடத்தில்தான் பிரெய்னார்ட்டின் பாலைவனம் மாறியது.

தீராமல் போனவை

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அந்த வருடம் மார்ச் தொடங்கி நவம்பர் வரைக்கும் 3000 மைலுக்கு மேல் குதிரையில் பயணம் செய்ததாக அவரே கணக்கு வைத்திருந்தார். நுரையீரல் நோய் உள்ளவருக்கு இது என்ன செய்யும் என்று மருத்துவர் சொல்லத் தேவையில்லை. தன் பலத்துக்குத் தக்கபடி உழைப்பை அளந்துகொள்ளாதது இவருடைய குறை என்று எட்வர்ட்ஸ் வெளிப்படையாகவே சொன்னார். மனம் இருண்ட நாட்களும் திரும்பத் திரும்ப வந்தன. மக்கள் துணை ஒரு பாரத்தை இறக்கியது. நோயையும் சுபாவத்தையும் அது தொடவில்லை. அவற்றுக்கு வேறு கவனிப்பு வேண்டியிருந்தது, அது அவருக்குக் கிடைக்கவும் இல்லை, அவர் இடம் கொடுக்கவும் இல்லை.

1747 மார்ச்சில் தன் சபையைக் கடைசியாகப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அந்தப் பொறுப்பை ஏற்றவர், நான்கு வருடம் முன் கானாமீக்கிலிருந்து அந்தக் கடிதத்தைப் பெற்ற அதே தம்பி ஜான். மே மாதக் கடைசியில் நார்த்தாம்ப்டனில் எட்வர்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார், அந்தக் குடும்பத்தின் மகள் ஜெருஷா அவரைப் பராமரித்தார், அக்டோபர் 9-ம் தேதி 29 வயதில் இறந்தார். ஒரு வீட்டில், சுற்றிலும் மனிதர்களோடு.

இந்த நாட்குறிப்பைப் படித்து உள்ளம் அசைந்தவர்களில், இந்தியாவுக்கு ஊழியம் செய்ய வந்த வில்லியம் கேரி உண்டு, ஹென்றி மார்ட்டின் உண்டு. மார்ட்டின் இவரைப் போலவே வாழ விரும்பினார். 1812-ல் துருக்கியில் தோக்காத் என்ற ஊரில், தன் நாட்டு நண்பர் ஒருவரும் அருகில் இல்லாமல், 31 வயதில் இறந்தார். இருவருடைய அர்ப்பணிப்புக்கும் நான் தலைவணங்குகிறேன். ஆனால் பிரெய்னார்ட்டிடமிருந்து தனிமையைப் பரிசுத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். உடன் ஊழியருக்காகப் பணம் திரட்டப் போன பிரெய்னார்ட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது இந்த நிலையில் இருப்பவருக்கு

முதலில் எது இல்லை என்று பிரித்துப் பாருங்கள். சேர்ந்து ஜெபிக்க ஆள் இல்லையா, மனதில் இருப்பதைச் சொல்ல மொழி வரவில்லையா, கதவைச் சாத்திக்கொள்ள ஒரு இடம் இல்லையா, இல்லை தூக்கமும் சாப்பாடும் கெட்டு உடம்பே தளர்ந்திருக்கிறதா? எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டான். நான் ஒருவன் மாத்திரம் என்று எலியா புலம்பினதற்கான பதில் பிறகுதான் வருகிறது, அதிலும் ஏழாயிரம் பேர் உண்டு என்ற செய்தியோடு எலிசா என்ற ஒரு ஆளும் வருகிறார். இன்னொன்றும் அங்கே இருக்கிறது. வனாந்தரத்துக்குள் போகுமுன் தன் வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுப் போனவர் எலியாவேதான். சோர்வு வரும்போது இருக்கிற ஒரு ஆளையும் தள்ளிவிட்டுப் போகத் தோன்றும், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்காக மனம் எழும்பவில்லை, சாவைப் பற்றிய எண்ணம் வருகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள், ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்; விசுவாசக் குறைவு என்று யாராவது சொல்வார்களோ என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், கேளுங்கள். பவுல் கேட்டார். 2 தீமோத்தேயு 4-ல், கர்த்தர் எனக்குத் துணையாக நின்றார் என்று எழுதிய அதே கையால், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் என்றும் எழுதினார். யாரைக் கேட்பது என்று யோசிக்கும்போது ஊரில் இருக்கும் பழைய நண்பரோடு நிறுத்தாமல், தினமும் பக்கத்தில் நிற்கிறவரையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அவர் உங்களைவிட மூத்தவராக இருக்கலாம், நேற்று விசுவாசத்துக்கு வந்தவராகவும் இருக்கலாம்.

அனுப்புகிற சபைகளுக்கும் சங்கங்களுக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம் கடினமானது. ஒருவரைத் தனியே அனுப்புமுன், இரண்டாவது ஆளுக்கான செலவை முதல் ஆளின் செலவோடே சேர்த்துப் போடுங்கள். அது முடியவில்லை என்றால் இரண்டு பேரைச் சேர்க்க முடிகிற வரைக்கும் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே தனியாகப் போய்விட்டவர் இருந்தால், அறிக்கை கேட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு, அவரை அறிந்த ஒருவர் நேரில் போய்ச் சில நாள் கூடத் தங்கட்டும். எத்தனை ஆத்துமாக்கள் என்று கேட்குமுன், இங்கே யாரோடு சேர்ந்து ஜெபிக்கிறீர்கள் என்று கேட்கட்டும். அதற்குப் பெயர் சொல்லும் பதில் வரவில்லை என்றால், அடுத்த வேலை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.